மாடி கூடினால் நெரிசல் கூடுமா?

[திரையில்: களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை, ட்ரோன் காட்சி]

உயர அடுக்குமாடி டவர் எங்காவது தெரிகிறதா? தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், மாநிலச் சராசரி 555. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளம் முழுவதுக்கும் 860. விளைக்குள் (தோட்டத்துக்குள்) ஒரு வீடு, அதன் பின்னால் அண்ணன் வீடு, அதற்கும் பின்னால் மருமகன் வீடு என்று தரையிலேயே நெருங்கிப்போன ஊர் இது. ஆனாலும் பக்கத்தில் ஃப்ளாட் வருகிறது என்றதும் எல்லாரும் மாடியைத்தான் எண்ணுகிறோம்.

எண்ண வேண்டியது வேறு, மக்களே.

[திரையில்: 50 சென்ட் மனை, வரைபடம்]

50 சென்ட் என்றால் 21,780 சதுர அடி. தமிழ்நாட்டு விதிப்படி கட்டடத்தின் உயரம் 18.30 மீட்டருக்கு உள்ளே நின்றால் எஃப்எஸ்ஐ (தளப்பரப்புக் குறியீடு) 2, அதாவது எல்லாத் தளமும் சேர்த்து மனையைப் போல இரு மடங்கு கட்டலாம். படிக்கட்டு, நடைவழி எல்லாம் போக 40 வீடு என்று வைத்துக்கொள்வோம். அதே பரப்பைப் பாதி மனையை அடைத்து 4 தளமாகவும் கட்டலாம், கால்வாசியை மட்டும் அடைத்து 8 தளமாகவும் கட்டலாம் (8 தளம் என்றால் விதி மாறிவிடும், கணக்குக்காகச் சொல்கிறேன்). ரெண்டிலும் குடும்பங்கள் 40தான். உயரமானதில் மரம் வைக்க, பிள்ளைகள் ஓட இடம் மிஞ்சும், பில்டர் அதையும் கார் பார்க்கிங்காக ஆக்காமல் இருந்தால்! ஆள் கூடுவது எஃப்எஸ்ஐ ஏறும்போதுதான். 18 மீட்டர் சாலை இருந்தால் உயரக் கட்டடத்துக்கு அது 3.25 வரை போகும்.

சரி, அந்த 40 குடும்பத்துக்குத் தண்ணீர்? வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுவது வழக்கம். தினமும் 21,600 லிட்டர். அதில் முக்கால்வாசிக்கு மேல் கழிவாக வெளியே வரும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் அது செப்டிக் டேங்குக்குத்தான் போக வேண்டும், பக்கத்து வீட்டுக் கிணறோ அதே மண்ணில் இருக்கிறது. பிரச்சினை இங்கேதான், எட்டாவது மாடியில் இல்லை.

உயரத்துக்கென்று தனிச் செலவும் உண்டு. லிஃப்ட், அதற்கு ஜெனரேட்டர், தீயணைப்புப் பம்ப், மாதாமாதம் பராமரிப்புப் பணம். முதல் ஐந்து வருடம் எல்லாரும் கட்டுவார்கள். அப்புறம் பாதிப் பேர் வளைகுடாவில் இருப்பார்கள், லிஃப்ட் நின்றால் ஏழாவது மாடிப் பாட்டி கீழே இறங்க முடியாது. அதனால் விலை பேசும்போதே பராமரிப்புக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்; செப்டிக் லாரி உள்ளே திரும்ப வழி இருக்கிறதா என்பதையும்.