லேப்டாப்பில் நெட் இழுக்குதா? லைனா, வைஃபையா, லேப்டாப்பா?

[திரையில்: மீட்டிங் நடுவே உறைந்து நிற்கும் முகம்]

வணக்கமுங்க. 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். லேப்டாப்பில் மீட்டிங் போட்டால் பேசுகிறவர் வாய் ஒரு பக்கம் போகிறது, குரல் ஒரு பக்கம் வருகிறது. கேபிள்காரரைக் கூப்பிட்டால், "லைன் நல்லாத்தானுங்ணா இருக்குது, உங்க லேப்டாப்பைப் பாருங்க" என்கிறார். லேப்டாப் கடையில் கேட்டால் லைனைப் பார்க்கச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி என்று கண்டுபிடிக்க ஒரு லேன் கேபிள் போதும்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. பிளானில் இருக்கும் 100 என்பது மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது திரையில் ஓடுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே நொடிக்கு 12 மெகாபைட் இறங்கினால் உங்கள் 100 முழுசாக வருகிறது. சண்டைக்குப் போக வேண்டாம்.

[திரையில்: ரூட்டரின் பின்பக்கம், லேன் துளை]

சரி, கேபிளை எடுங்கள். ரூட்டரிலிருந்து நேராக லேப்டாப்பில் செருகி, வைஃபையை அணைத்துவிடுங்கள். லேன் துளை இல்லாத லேப்டாப் என்றால் யுஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் கடையில் கிடைக்கும். வீட்டில் மற்ற போன், டிவி எல்லாம் சும்மா இருக்கும் நேரமாகப் பார்த்து ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள்.

கேபிளில் முழு வேகம் வந்தால் கேபிள்காரர் சொன்னது சரி, லைனில் குறை இல்லை. பிளான் 200 ஆக இருந்து, கேபிளில் 94, 95-இலேயே நின்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். உள்ளே 8 கம்பிகள் இருக்கும். கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம். சில லேப்டாப், சில ரூட்டர்களில் துளையே 100-க்குத்தான் செய்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: ஆசாரத்தில் டிவிக்குப் பின்னால் ரூட்டர்]

கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் இழுத்தால்? நம் பக்கத்து வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான். ஃபைபர் எந்த ஓட்டை வழியாக உள்ளே வந்ததோ, ரூட்டரை அந்த மூலையிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பழைய ஓட்டு வீட்டின் கனத்த சுவர், நடுவில் ஓர் இரும்பு பீரோ, அதைத் தாண்டிய அறையில் நீங்கள். தகரக் கொட்டகையில் ஆபீஸ் போட்டிருந்தால் இன்னும் மோசம். தகரம் அலையை உள்ளே விடாது.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, அதில் உங்கள் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ். கீழே நெட்வொர்க் பேண்ட் என்று இருக்கும். வைஃபை எந்த அலைவரிசையில் ஓடுகிறது என்பது அது. அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றும், லிங்க் ஸ்பீட் 72 எம்பிபிஎஸ் என்றும் தெரிந்தால் விஷயம் முடிந்தது. 72 என்பது பேச்சளவு வேகம். கைக்கு வருவது அதில் பாதியோ கொஞ்சம் கூடவோதான். பிளானை 300-க்கு ஏற்றினாலும் அந்த லேப்டாப்பில் ஒன்றும் மாறாது, பில்தான் ஏறும்.

ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதில் இணையுங்கள். வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். அதனால் ரூட்டரை வீட்டின் நடுவே, தலைக்கு மேல் உயரத்தில் வைப்பது முக்கியம். 2.4-இலேயே இருக்க வேண்டிய கட்டாயம் என்றால் ரூட்டர் செட்டிங்ஸில் சேனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் இருக்கும் தடத்தை, 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். இன்னொன்று, பலர் கவனிக்காதது: யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்பில் செருகியதும் 2.4 வைஃபை தடுமாறலாம். அந்த இணைப்பு கிளப்பும் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது. கழற்றிவிட்டு ஒருமுறை டெஸ்ட் போடுங்கள்.

[திரையில்: டாஸ்க் மேனேஜர், நெட்வொர்க் நெடுவரிசை]

போனில் வேகம் வந்து, அதே இடத்தில் லேப்டாப்பில் மட்டும் வரவில்லையா? ஓடும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் நெடுவரிசையின் தலைப்பைத் தட்டினால் நெட்டை யார் தின்கிறார்கள் என்று மேலே வந்துவிடும். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட், இல்லாவிட்டால் ஒன்டிரைவ். திருப்பூர் கம்பெனிக்கு டிசைன் ஃபைல் அனுப்புகிறவர்கள் ஆபீஸ் விபிஎன்னை அணைத்தும் பாருங்கள். அப்புறம், பேட்டரி சேவரில் ஓடினால் சில லேப்டாப்பில் வைஃபையும் அடங்கிப் போகும்.

[திரையில்: தென்னைகளுக்கு நடுவே கம்பத்தில் தொங்கும் ஃபைபர்]

கடைசியாக, கேபிளிலேயே வேகம் வராவிட்டால் குறை வெளியே. முதலில் மாத டேட்டா அளவு தாண்டி வேகத்தைக் குறைத்திருக்கிறார்களா என்று ஆப்பில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் விடியற்காலை ஒரு டெஸ்ட், இரவு 9 மணிக்கு ஒரு டெஸ்ட். காலையில் நன்றாக இருந்து இரவில் படுத்தால் ஊரே ஒரே லைனில் ஏறியிருக்கிறது. நம் வீட்டில் எதை மாற்றியும் பயனில்லை.

எல்லா நேரமும் மோசம் என்றால் ஃபைபரைப் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டத்துச் சாளைக்குக் கம்பம் கம்பமாக வரும் லைன் ஆடிக்காற்றில் ஆடும், மேலே மட்டை விழும். அறுந்தால் ரூட்டரில் சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும், அது எளிது. அறுகாமல் கூர்மையாக மடங்கினால்தான் தொல்லை: விளக்கு பச்சை, வேகம் மட்டும் தள்ளாடும். பிரவுசரில் திறக்கும் ரூட்டர் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிகல் பவர், அதாவது ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் பலம், மைனஸ் 27 டிபிஎம்முக்கும் (dBm) கீழே போயிருந்தால் அதைப் படம் எடுத்து, கேபிளில் ஓட்டிய டெஸ்ட்டுகளோடு சேர்த்து கேபிள்காரருக்கு அனுப்புங்கள். "ஸ்லோவா இருக்குதுங்ணா" என்றால் ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார். மைனஸ் 29 என்று காட்டினால் ஏணியோடு வருவார்.