உங்கட ரத்தத்துக்குள்ள குளோரின் போடுறது ஆரு?

[திரையில்: வெள்ளம் வடிஞ்ச கிணறு]

வணக்கம் உறவுகளே! இந்த நிமிசம் உங்கட உடம்பு கிருமிக்கு குளோரின் மருந்து தயாரிக்குது எண்டா நம்புவீங்களா? ஸ்கிப் பண்ணிராதீங்க, கதை விடல்ல.

வெள்ளம் வடிஞ்சா மட்டக்களப்பில கிரான் பக்கம், வெல்லாவெளிப் பக்கம் என்ன நடக்கும்? கிணத்த இறைச்சு, குளோரின் தூளக் கரைச்சு ஊத்துவாங்க. மறுகா கொஞ்ச நாளைக்கு தேத்தண்ணியெல்லாம் அந்த மணம்தான். அந்தத் தூள் தண்ணியில கரைஞ்சா வாற ஹைப்போகுளோரஸ் அமிலம்தான் கிருமியக் கொல்லுது. எங்கட வெண்குழியமும் அச்சொட்டா அதே அமிலத்தத்தான் செய்யுது!

கிருமிய விழுங்கி ஒரு பைக்குள்ள அடைக்கும். ஒரு நொதியம் ஒட்சிசன்ல இலத்திரன ஏத்தும். அது ஐதரசன் பெரொட்சைட்டா மாறும். அதோட ரத்தத்தில இருக்கிற உப்பிட குளோரைட்டு சேரும். அமிலம் ரெடி. இந்தக் கடைசி வேலையச் செய்யிற நொதியத்திட நிறம் பச்சை. சளியும் சீழும் பச்சையா வாறது அதாலதான். சாப்பிட்டுட்டு இருந்தா மன்னிச்சிருங்க!

[திரையில்: சி.ஜி.டி]

அந்த முதல் நொதியமே பழுதாப் பிறக்கிற பிள்ளைகளுக்கு வாற நோய்தான் சி.ஜி.டி (Chronic Granulomatous Disease). ஏறக்குறைய ரெண்டு லட்சத்தில ஒரு பிள்ளைக்கு. வெண்குழியம் கிருமிய விழுங்கும், கொல்ல ஏலாது. கூடுதலா ஆம்பிளைப் பிள்ளைகளுக்குத்தான், பரம்பரை அலகு தாயிட எக்ஸ் நிறமூர்த்தத்தில வாறதால. தாய், தகப்பன் ரெண்டு பக்கத்தாலயும் வாற வகையும் இருக்கு. மச்சான் மச்சாள் கலியாணத்தில அதுக்கு வாய்ப்புக் கூட. மாமிமாரே, சண்டைக்கு வராதீங்க.

வரலாறு ஒரே மூச்சில: 1950களில கண்டுபிடிச்சாங்க, 1986ல அந்த எக்ஸ் பரம்பரை அலகு அம்புட்டுது, முடிஞ்சு.

எனக்குப் புடிச்ச இடம் இதுதான். அமெரிக்காட தேசிய சுகாதார நிறுவனம் இந்த நோயாளிகள வருசக்கணக்கா விடாமப் பின்தொடர்ந்துது. 2010ல 287 பேரிட கணக்கு வெளிவந்துது. நொதியம் முழுசா வேலை செய்யாட்டியும், மிச்சமா ஒரு துளி செஞ்சா, அவங்க கூடக் காலம் உயிரோட இருக்காங்க! எந்தப் பரம்பரை அலகு பழுது எண்டதவிட இந்தத் துளிதான் முக்கியம். இப்பிடி ஒரு விசயம் தெரியவாறதுக்கு ஒரு தலைமுறை காத்திருக்கணும். ஆறு மாசத்து ஆராய்ச்சிய வச்சு சவுண்டு விடுற ஆக்களுக்கு இத அனுப்பி விடுங்க.

இப்ப வட்டைக்காரருக்கு. உக்கின வைக்கல், கூட்டுப்பசளை கிளறக்குள்ள பங்கசு வித்து பறக்கும். எங்களுக்குத் தும்மல்தான். சி.ஜி.டி பிள்ளைக்கு சில நாளிலேயே நுரையீரல் பழுதாகலாம். அதால அந்தப் பக்கமே விடக்கூடாது. தினமும் பக்டீரியாவுக்கு கொ-ட்ரைமொக்சசோல், பங்கசுக்கு இட்ராகொனசோல் எண்ட மருந்துகள் குடுப்பாங்க. எலும்பு மச்சை மாற்றினா முழுசாவே சுகமாக்கலாம்.

ஈரல்ல சீழ்க்கட்டி, திரும்பத் திரும்ப நெறிகட்டுறது எண்டா பிள்ளை வைத்திய நிபுணரிட்ட காட்டுங்க. வெண்குழியத்தில அந்த முதல் நொதியம் வேலை செய்யுதா எண்டு ரத்தத்தில பாக்கிற டி.எச்.ஆர் சோதனையில புடிபடும். இந்த நோய் இருக்கிற பிள்ளைக்கு காசநோய்க்குப் போடுற பி.சி.ஜி ஊசி கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கும் வேணாம் எண்டு வாட்ஸ்அப்பில ஆரும் அனுப்பினா, கமெண்டில போடுங்க. அந்த ஆளுக்கு நான் பதில் குடுக்கிறன்.