ராகுலனுக்கு நடந்த பாடம்

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே,

நன்னெறி வகுப்பு என்ற பெயரில் நாம் என்ன செய்கிறோம்? 'பொய் சொல்லாதே' என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். தேர்விலும் அதையே கேட்கிறோம். பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறது. பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதி வாங்கியதா என்பது வேறு விஷயம்!

புத்தர் தம் மகனுக்குப் பாடம் நடத்திய விதம் மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த நூலில் இருக்கிறது. ராஜகிருகத்தை அடுத்த அம்பலட்டிகையில் ராகுலன் தங்கியிருக்கிறான். அப்போது அவனுக்கு ஏழு வயது என்கிறார்கள் உரைகாரர்கள். மாலையில் தந்தை வருகிறார். பிள்ளை இருக்கை போட்டு, கால் கழுவத் தண்ணீர் வைக்கிறான். கழுவி முடித்தவர் பாத்திரத்தில் கொஞ்சம் நீரை மிச்சம் வைத்து, "தெரிகிறதா?" என்று கேட்கிறார். தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனிடம் துறவு இவ்வளவுதான் இருக்கும் என்கிறார். பிறகு அந்த நீரையும் கொட்டுகிறார், பாத்திரத்தைக் கவிழ்க்கிறார், நிமிர்த்தி, வெறும் பாத்திரத்தைக் காட்டுகிறார். பிரம்பும் இல்லை, நரகக் கதையும் இல்லை.

அடுத்து, "கண்ணாடி எதற்கு?" என்கிறார். பார்த்துக்கொள்வதற்கு என்கிறான் ராகுலன். அப்படியே உன் செயலையும் பார் என்கிறார்: செய்யுமுன், செய்யும்போது, செய்த பின். இதனால் எனக்கோ பிறர்க்கோ துன்பம் வருமா? செய்த பின் தவறென்று கண்டால் ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ சொல்லிவிட வேண்டும். நல்லதென்று கண்டால் மகிழ்ந்திருக்கலாம். அந்த மகிழ்ச்சிக்கும் பாடத்தில் இடம் வைத்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாமோ தவற்றை ஒப்புக்கொள்ளும் பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்துகிறோம். அடுத்த முறை அது ஏன் வாய் திறக்கப்போகிறது?

பிக்குகளும் இல்லறத்தாரும் கேட்க வேண்டிய உரைகளை பைராட் கல்வெட்டில் அடுக்கிய அசோகர், பொய்யைப் பற்றி ராகுலனுக்குச் சொன்ன இந்த அறிவுரையையும் அதில் சேர்த்தார்.

நம் காலத்துக்கு வருவோம். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கிய அம்பேத்கர், 1946இல் மும்பையில் திறந்த கல்லூரிக்குச் சித்தார்த்தர் பெயரை வைத்தார். ஔரங்காபாத் கல்லூரிக்கோ மிலிந்தன் பெயர். மிலிந்தன் போதித்தவன் அல்லன். நாகசேனர் என்ற பௌத்தத் துறவியை விடாமல் கேள்வி கேட்ட கிரேக்க மன்னன். கல்லூரிக்குக் கேள்வி கேட்டவன் பெயர் வைத்த துணிச்சலைப் பாருங்கள்!

அந்த மன்னனுக்கு நாகசேனர் போட்ட நிபந்தனை இன்னும் சுவையானது. அறிஞர்போல் பேசுவதென்றால் பேசுவோம், அரசர்போல் என்றால் முடியாது என்றார். வாதத்தில் மடக்கினாலும் அறிஞர் கோபிக்க மாட்டார். மறுத்துப் பேசினால் அரசர் தண்டித்துவிடுவார். இன்று அதே நிபந்தனையை மாணவன்தான் நமக்குப் போட வேண்டியிருக்கிறது.