கறிபாப்: ஓரத்தைப் பாருங்க

[காட்சி: வாணலி எண்ணெயில் அரைநிலா வடிவப் பலகாரங்கள்]

பார்த்ததும் சோமாசின்னு தோணுதா? கடிச்சுப் பாருங்க. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் இருக்காது. மசாலா மணக்குற இறைச்சியும் உருளைக்கிழங்கும் இருக்கும். மலேசியாவுல இது கறிபாப். சிங்கப்பூர் மலாய்க்காரங்க எப்போக்-எப்போக்னு சொல்வாங்க. சாயங்காலம் 4 மணிக்கு மேல ரோட்டோரக் கடையில இதையும் ஒரு தே தாரேக்கையும் (நல்லா இழுத்து ஆத்தின பால் டீ) வாங்கினா பொழுது போயிடும்.

நம்ம 'கறி'தான் இங்கிலீஷ்ல 'கறி பஃப்' ஆகி, மலாய் நாக்குல 'கறிபாப்' ஆச்சு. ஆனா ஒரு வித்தியாசம். தமிழ்நாட்டுல கறின்னா பல பேருக்கு இறைச்சி. மலாய்ல அது மசாலாக் குழம்பு. அதனாலதான் இறைச்சியே இல்லாம வெறும் கிழங்கு வச்சாலும், டின் மத்தி மீன் வச்சாலும், அதுவும் கறிபாப்தான்.

[காட்சி: பூரணம் கிளறும் கை]

உள்ள வைக்கிற பூரணத்துக்குப் பேரு இந்தி. மொழியில்லைங்க, மலாய்ல பூரணத்துக்கு அதுதான் பேரு! வெங்காயத்தை வதக்கி, கறித்தூளைத் தண்ணியில குழைச்சு ஊத்தி, எண்ணெய் பிரியுற வரைக்கும் கிளறணும். அப்புறம் கொத்தின மாட்டிறைச்சி, இல்லேன்னா கோழி. கடைசியா பொடிசா நறுக்கின கிழங்கு. மசிக்கக் கூடாது, பல்லுல தட்டுப்படணும். ஈரம் வத்தினதும் இறக்கி, நல்லா ஆற விடணும். சூட்டோட மடிச்சா ஆவி உள்ளேயே நின்னு தோலை நமக்க வச்சிடும்.

தோலுக்கு மைதா, உப்பு. மேல காய்ச்சின எண்ணெயை ஊத்துவாங்க, 'சொய்ங்'குன்னு சத்தம் வரும். எண்ணெய் மாவைச் சுத்திப் படிஞ்சுக்கிறதால, பிசையும்போது சப்பாத்தி மாவு மாதிரி இழுபடாது. பொரிச்சா மொறுமொறுன்னு உதிரும்.

[காட்சி: ஓரம் மடிக்கும் விரல்கள், மிக நெருக்கமாக]

வேலையே இங்கதான். இந்த மடிப்புக்குக் கெலிம்னு பேரு. துணியோரத்தை மடிச்சுத் தைக்கிறதுக்கும் மலாய்ல அதே சொல்தான். கட்டைவிரலால ஓரத்தைக் கொஞ்சம் கிள்ளி அழுத்தி, உள்பக்கமா மடிச்சு, அடுத்த கிள்ளு. கயிறு முறுக்கின மாதிரி வரணும். அழகுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. ஓரம் விட்டுப்போச்சுன்னா பூரணம் எண்ணெய்ல கொட்டிக் கருகும், அப்புறம் அந்த வாணலி எண்ணெய் முழுக்க வீண். அச்சு வச்சு அழுத்தி ஒட்டுறவங்களும் இருக்காங்க. வேகம் உண்டு, ஆனா கையால மடிச்ச ஓரத்தோட கடி அதுல கிடைக்காது.

இன்னொரு வகை கறிபாப் பூசிங். பூசிங்னா சுழல்றது. தண்ணி மாவுக்குள்ள கொழுப்பு மாவை வச்சுத் தேய்ச்சு, பாய் மாதிரி சுருட்டி, திரும்பத் தேய்ச்சு, மறுபடி சுருட்டி வில்லை போடுவாங்க. பொரிச்சா சங்கு மாதிரி சுழி சுழியா அடுக்கு தெரியும். பார்க்க அதுதான் ராஜா. ஆனா என் ஓட்டு பழைய கறிபாப்புக்குத்தான். பூசிங்கைக் கடிச்சா பாதி சட்டை மேல கொட்டுது.