இந்தப் புத்தகம் யாருக்கு?

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

"சேர், வாசிக்க நல்ல புத்தகம் ஒண்டு சொல்லுங்கோ." சந்தையில், கோயில் வீதியில், கலியாண வீட்டுப் பந்தியில் என்று எங்கே போனாலும் யாராவது இப்படிக் கேட்பார்கள். கேட்டவுடன் நான் பெயர் சொல்வதில்லை. "கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் வைச்சனீங்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் பலரும் மரியாதைக்காக நாலு பெரிய பெயர்களைச் சொல்லிவிடுவார்கள். பாதியில் வைத்ததைப் பற்றிப் பேசும்போது உண்மை வந்துவிடும். "ஆட்கள் கனபேர், ஆர் ஆரெண்டு குழம்பிப் போச்சு" என்பார் ஒருவர். "சாவுக்கு மேல சாவு, என்னால ஏலாமல் போச்சு" என்பார் இன்னொருவர். யுத்தத்துக்குள் வாழ்ந்த மண்ணில் அந்த இரண்டாவது பதிலை நான் மிகவும் மதிக்கிறேன். அவரிடம் ஒரு போர் நாவலை நீட்டக் கூடாது. அது எவ்வளவு உயர்ந்த படைப்பாக இருந்தாலும் சரி, அவராகக் கேட்கும் வரை அது அலுமாரியில் இருக்கட்டும்.

புத்தகம் பரிந்துரைப்பது என்றால் நூலின் தரத்தைச் சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வாசிக்கப் போகிறவர் யார், இப்போது என்ன மனநிலையில் இருக்கிறார் என்று தெரியாமல் சொல்லும் பரிந்துரையால் பெரிய பயன் இல்லை. அதனால் இன்று நான் சில நூல்களைச் சொல்லும்போது, ஒவ்வொன்றும் யாருக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் வாசிகசாலையில் போயா, அதாவது பௌர்ணமி, விடுமுறை நாட்களில் பின்னேரம் கொஞ்சப் பேர் கூடுகிறோம். தலைவர், செயலாளர் கிடையாது, பொன்னாடையும் கிடையாது. அப்போது வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். முடித்திருக்க வேண்டும் என்று இல்லை. முடித்தவர் தீர்ப்புச் சொல்லிவிட்டு இருந்துவிடுவார். நடுவில் நிற்பவரிடம்தான் பேச்சு உயிரோடு இருக்கும். "இவள் அந்த வீட்டை விட்டுப் போவாளோ தெரியேல்லை" என்று அவர் கவலைப்படும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கும் அந்தக் கவலை தொற்றிவிடும். கூட்டம் முடியும்போது அந்தப் புத்தகத்தை அடுத்ததாக இரவல் வாங்க இரண்டு பேர் நிற்பார்கள்.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. கைமாறும் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி அட்டையின் உட்புறத்தில் கொப்பித் தாள் ஒன்றை ஒட்டியிருக்கிறோம். வாசித்தவர் ஒன்றிரண்டு வரி எழுத வேண்டும். பெயர் தேவையில்லை. ஒரு தாளில் நீல மையில் இப்படி இருக்கிறது: "முதல் முப்பது பக்கம் பொறுமை வேணும். பிறகு அது விடாது." அதற்குக் கீழே பென்சிலில், நடுங்கிய கையெழுத்தில்: "உண்மை. நான் இருபதாம் பக்கத்தில் விட்டேன். இதைப் பார்த்துத் திரும்பத் தொடங்கினேன்." அடுத்து வாசிக்கப் போகிறவருக்கு, நீண்ட மதிப்புரை ஒன்றைவிட இந்த இரண்டு வரிகள் பயன்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, நூல்களுக்கு வருகிறேன்.

இப்போது என் மேசையில் இருப்பது எஸ்.பொ.வின் 'நனவிடை தோய்தல்'. பொன்னுத்துரை தம் இளமைக்கால யாழ்ப்பாணத்தை நினைந்து நினைந்து எழுதிய நூல். இதை வேகமாக வாசிக்க முடியாது, வாசிக்கவும் கூடாது. நான் இரவில் சில பக்கங்கள்தான் வாசிக்கிறேன். மறந்துபோன சொல் ஒன்று வந்தால் பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவிடம் உரக்கக் கேட்பேன். அவர் அந்தச் சொல்லோடு சேர்த்து வேறு ஒரு கதையையும் சொல்லுவார். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து "அந்தக் காலத்தில் இங்கே எப்படி?" என்று கேட்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதைச் சொல்வேன்.

பள்ளிக்கூடத்தோடு வாசிப்பை விட்டுவிட்ட ஒருவருக்கு என்னுடைய முதல் பரிந்துரை செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. 1978இல் அதே பெயரில் படமாகவும் வந்தது, மூத்தவர்கள் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். கதைக்களம் நெடுந்தீவு. வாடைக்காற்று எழும்பும் பருவத்தில் வெளியூர் மீனவர்கள் வள்ளங்களோடு வந்து கரையில் வாடி, அதாவது தற்காலிகக் குடில், அடிப்பார்கள். காற்று மாறியதும் போய்விடுவார்கள். அந்தச் சில மாதங்களுக்குள் வந்தவர்களுக்கும் ஊரவர்களுக்கும் இடையில் முளைக்கும் காதலும் பகையும்தான் நாவல். செங்கை ஆழியான், அதாவது க. குணராசா, புவியியல் படித்தவர். காற்று எந்தத் திசையில் திரும்புகிறது, எந்தப் பருவத்தில் எந்தப் பறவை வருகிறது என்பதெல்லாம் அவருடைய கதையில் அலங்காரமாக நிற்பதில்லை. காற்றுத்தான் மனிதர்களைக் கொண்டுவருகிறது, காற்றுத்தான் கொண்டுபோகிறது. குறிகாட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவுக்குப் போய் வந்த எவருக்கும் அந்தக் கடல் தெரியும். நடை எளிமையானது, அத்தியாயங்களும் நீளமில்லை. எங்கள் பிரதியில் ஒட்டிய தாளில், கடற்றொழில் செய்து ஓய்ந்த ஒரு ஐயா இப்படி எழுதியிருக்கிறார்: "காற்றைப் பற்றி எழுதினது சரி. வலையைப் பற்றி இன்னும் எழுதியிருக்கலாம்." பல ஆண்டுகளாகப் பேப்பரைத் தவிர வேறெதுவும் வாசிக்காத மனிதர் அவர்.

கே. டானியலின் 'பஞ்சமர்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1972இல் வந்த நாவல். சாதியின் பெயரால் கோயில் வாசலும் தேநீர்க்கடை இருக்கையும் கிணறும் மறுக்கப்பட்ட மக்களின் போராட்டத்தை, அந்தப் போராட்டத்தில் நேரே நின்ற ஒருவர் எழுதியது. சில இடங்களில் கதை தளர்ந்து மேடைப் பேச்சு ஓங்கிவிடுகிறது என்பது என் கருத்து. ஆனால் பேச்சுமொழி அப்படியே காதில் விழுகிறது, ஆட்கள் கண்முன் நடக்கிறார்கள். 1968இல் கோயில் நுழைவுப் போராட்டத்தின்போது மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் என்ன நடந்தது என்று எங்கள் வீடுகளில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? வீட்டில் சொல்லாததைப் பிள்ளைகள் இந்த நாவலில் வாசிக்கட்டும். உயர்தரம் படிக்கும் வயதில் வாசிக்க வேண்டிய நூல் இது. வாசித்த பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பெரியவர்கள் தயாராக இருக்க வேண்டும், அதுவும் முக்கியம்.

சின்னப் பிள்ளைகளுக்கும், "கவிதை எண்டால் விளங்காது" என்று ஒதுங்குகிறவர்களுக்கும் மஹாகவியின் 'குறும்பா'. அளவெட்டியில் பிறந்த கவிஞர். ஐந்து அடிகளில் ஒரு ஆளையும் ஒரு சம்பவத்தையும் சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். 1966இல் வந்த நூல். உரக்க வாசியுங்கள், பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டவுடன் ஒப்புவிப்பார்கள். அப்புறம், இளம்பெண்கள் கவிதை கேட்டால் நான் கொடுப்பது 'சொல்லாத சேதிகள்'. 1986இல் இங்கே யாழ்ப்பாணத்தில், 10 பெண் கவிஞர்களின் கவிதைகளோடு வந்த மெல்லிய தொகுப்பு. அதை ஒரே இருப்பில் வாசித்து முடித்துவிடலாம். ஆனால் வாசித்த அன்று வேறெதையும் எடுக்க மனம் வராது.

இந்த நூல்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். சில மறுபதிப்பாகி எங்கள் நகரத்துப் புத்தகக் கடைகளிலேயே இருக்கின்றன. பழைய ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பெருமளவில் நூலகம் என்ற இணைய நூலகத்தில் பணம் இல்லாமலே வாசிக்கக் கிடைக்கின்றன. 2005இல் தொடங்கிய அந்தப் பணிக்கு நாங்கள் எல்லோரும் கடமைப்பட்டவர்கள். பிறகு எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் இருக்கிறது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் அது எரிக்கப்பட்டதைப் பேசாத ஆண்டு இல்லை. பேசத்தான் வேண்டும். ஆனால் அதன் தொடக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்தே மற்றவர்களுக்குப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கியதிலிருந்துதான் அது வளர்ந்தது. இன்று அந்தக் கட்டடத்தைப் படம் எடுக்கப் போகிற அளவுக்குப் புத்தகம் எடுக்கப் போகிறோமா? அங்கத்துவ அட்டை இல்லாதவர்கள் இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தை மனம் திறந்து சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் நூல் வெளியீட்டு விழாக்கள் நிறைய நடக்கின்றன. மங்கள விளக்கு ஏற்றி, வாழ்த்துரைகள் முடிந்து, கடித உறையில் காசு வைத்துக் கொடுத்து, சிறப்புப் பிரதி வாங்கி, ஒரு படமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். எழுத்தாளருக்கு அது உதவிதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைய மேடையில் பேசுகிறவர்களைத் தவிர யாரும் அந்த நூலை வாசித்திருப்பதில்லை. மூன்று மாதம் கழித்து, பிரதி வாங்கியவர்களை மறுபடி அழைத்து, "வாசித்தீர்களா, எந்த இடம் பிடித்தது, எங்கே அலுத்தது?" என்று கேட்கும் கூட்டம் ஒன்று வைத்துப் பாருங்கள். பத்துப் பேர் வந்தாலே போதும். எழுதுகிறவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

அடுத்த போயாவுக்கு எங்கள் வாசிகசாலையில் 'பஞ்சமர்' எடுத்திருக்கிறோம். ஊரில் இருக்கிற பிரதிகள் போதாது, அதனால் முதல் அத்தியாயத்தை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்பதாக ஏற்பாடு. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இதையே செய்யலாம். இந்த நிகழ்ச்சிக்குக் கடிதம் எழுதும் நேயர்கள், இப்போது கையில் இருக்கும் புத்தகத்தின் பெயர், எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறீர்கள், அதை யாருக்குக் கொடுக்க நினைக்கிறீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். அவற்றை அடுத்த உரையில் வாசிக்க நிலையத்தார் சம்மதித்திருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.