எப்போ தூக்குவாங்க?

நேயர்களுக்கு வணக்கம்.

கால்பந்தைப் பற்றிப் பேச வடசென்னையிலிருந்து ஒருவரை அழைத்தால், வியாசர்பாடி, குட்டி பிரேசில், உலகக் கோப்பை நேரத்தில் தெரு முழுக்கக் கொடி, சுவரில் மரடோனா என்று ஆரம்பிப்பார் என எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் நான்கு வருடத்துக்கு ஒருமுறை பேசுகிற பேச்சு. நடுவில் இருக்கிற மூன்று வருடம் பதினோரு மாதம் எங்கள் பக்கத்துப் பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. காத்திருக்கிறார்கள். எங்கேயோ இங்கிலாந்தில் ஒரு கோச்சுக்கு வேலை போவதற்காக.

பெரம்பூர், புளியந்தோப்பு, ராயபுரம் எங்கே போனாலும் இங்கிலீஷ் லீக் பார்க்கிற வீடு நாலைந்து தேறும். கோடையில் அங்கே மாலை மூன்று மணி மேட்ச் என்றால் நமக்கு இரவு ஏழரை. அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்த பிறகு எட்டரை. லிவர்பூல் ஆட்கள் உண்டு, ஆர்சனல் ஆட்கள் உண்டு. அவர்கள் இன்று என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், நான் பேசப்போவது மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களைப் பற்றி. காத்திருப்பதில் அவர்களுக்கு இருக்கிற அனுபவம் வேறு யாருக்கும் கிடையாது.

யுனைடெட் கோச்சாக அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் வந்தார், 2013 மே மாதம் போனார். 13 முறை லீக் பட்டம். அவர் போன வருடம் எல்.கே.ஜி.யில் இருந்த பையன் இப்போது பள்ளிக்கூடத்தை முடிக்கிற வயதில் இருக்கிறான். அவன் நினைவு தெரிந்து தன் டீம் லீக் ஜெயித்துப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் கோச்சுகளைத்தான். டேவிட் மோய்ஸ் ஆறு வருட ஒப்பந்தத்தில் வந்து பத்து மாதத்தில் போனார். வான் காலை எஃப்.ஏ. கோப்பை ஜெயித்த இரண்டாம் நாள் அனுப்பினார்கள். மொரின்யோ 2018 டிசம்பரில். சோல்ஷர் வாட்ஃபோர்டிடம் 4-1 என்று தோற்ற மறுநாள். நடுவில் ராங்னிக் தற்காலிகமாக. அப்புறம் டென் ஹாக்.

இந்தக் காத்திருப்பில் ஒரு விசித்திரம் உண்டு. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவனோடு நடந்த பேச்சைச் சொன்னால் புரியும்.

"அண்ணா, இன்னும் ரெண்டு மேட்ச் தோத்தா தூக்கிடுவாங்கணா."

"அப்போ நீ யாருக்குடா கைதட்டற?"

"டீமுக்குத்தான். ஆனா தோக்கணும்."

சிரிக்காதீர்கள், அவன் கணக்கு சரியான கணக்குதான். ஜெயித்தால் கோச்சுக்கு இன்னும் ஒரு மாதம் ஆயுள். டிரா என்றால் அதைவிட மோசம். யாருக்கும் எந்த முடிவும் எடுக்கத் தோன்றாது. தோற்றால்தான் விடிவு. அதனால் சொந்த டீம் கோல் போட்டால் ஒரு நொடி எழுந்து கத்துகிறான், உடனே உட்கார்ந்து தலையில் கைவைக்கிறான். எதிர் டீம் கோல் போட்டால் கெட்ட வார்த்தை வருகிறது, ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி. ஒரே மனிதன் ஒரே மேட்ச்சை இரண்டு பக்கமும் நின்று பார்க்கிறான். என்னால் அது முடியாது. பந்து உருள ஆரம்பித்தால் எனக்கு டீம் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவனை ரசிகனே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்கு ஆகாது என்று தெரிந்த ஒன்று இழுத்துக்கொண்டே போகும்போது, சீக்கிரம் முடிந்துவிட்டால் தேவலை என்று நினைப்பது அன்பு இல்லாததால் வருவதல்ல.

அப்படிக் காத்திருக்கிறவன் பந்தைப் பார்ப்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? கேமரா எப்போது கோட்டுக்கு வெளியே போகும் என்று பார்க்கிறான். கோச் கைகட்டி நிற்கிறாரா, உதவிக் கோச் காதில் ஏதாவது சொல்கிறாரா, வெளியே எடுக்கப்பட்ட ஆட்டக்காரன் கோச்சின் கையைத் தட்டினானா அல்லது தாண்டிப் போனானா. "பாருங்கணா, எவனும் ஓடல. பிளேயருங்களே கைவிட்டுட்டானுங்க." மிட்ஃபீல்டில் ஒருவன் தசைப்பிடிப்பில் மெதுவாக நடந்தாலும் அது கோச்சுக்கு எதிரான சதியாகத்தான் தெரியும். டீக்கடைக்கு வந்தால் அடுத்தது யார் என்ற விவாதம். ஆளுக்கொரு பெயர். அந்தப் பெயர்க்காரரின் டீம் ஆடி ஒரு மேட்ச்சைக்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டான். ஆனாலும் அவர் வந்தால் யார் பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது வரை முடிவு செய்துவிட்டான்.

2024 அக்டோபர் 28, திங்கட்கிழமை. முந்தின நாள் வெஸ்ட் ஹாமிடம் 2-1, அதுவும் கடைசி நேர பெனால்டியில் தோல்வி. ஒன்பது மேட்ச்சில் 11 புள்ளி, 14-ஆவது இடம். நமக்கு மாலை ஐந்து மணி வாக்கில் செய்தி வந்தது: டென் ஹாக்கை நீக்கியாகிவிட்டது. தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கிற கூட்டத்தில் நகர முடியாத நேரம். எங்கள் தெருவில் பையன்கள் தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த சரவெடி ஒன்றை அன்றைக்கே கொளுத்திவிட்டார்கள். எதிர் வீட்டு ஆயா வெளியே வந்து, "இன்னாடா, யார் ஜெயிச்சாங்க?" என்று கேட்டார். "யாரும் ஜெயிக்கல ஆயா, ஒருத்தருக்கு வேலை போச்சு" என்றான் ஒருவன். "அதுக்காடா வெடிச்சீங்க, பாவிங்களா!" என்று திட்டிவிட்டு உள்ளே போனார். எனக்கு ஆயா கட்சிதான் சரியென்று பட்டது. ஆனால் அந்தச் சத்தத்தில் அதை யாரிடம் சொல்வது?

பிறகு நடந்ததைக் கேளுங்கள். உதவிக் கோச்சாக இருந்த வான் நிஸ்டல்ராய் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். முதல் மேட்ச் லெஸ்டரோடு, நம் நேரப்படி தீபாவளி அன்று விடியற்காலை ஒன்றேகால் மணிக்கு. 5-2. மேட்ச் முடிந்ததும் தூங்காமல் நேராக எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனவர்கள் உண்டு. நான்கு மேட்ச்சில் மூன்று வெற்றி, செல்சியோடு ஒரு டிரா. "இவரையே வெச்சுக்கலாமே" என்று பேச்சு மாறியது. ஆனால் அடுத்த கோச்சாக ரூபன் அமோரிம் ஏற்கெனவே முடிவாகிவிட்டிருந்தார். அவர் முதல் மேட்ச்சில், இப்ஸ்விச்சுக்கு எதிராக, இரண்டாவது நிமிடத்திலேயே யுனைடெட்டின் ராஷ்ஃபோர்டு கோல். ஆகா, விடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். மேட்ச் 1-1. அந்த சீசன் முடிந்தபோது யுனைடெட் 42 புள்ளியோடு 15-ஆவது இடத்தில் இருந்தது. டென் ஹாக்கைத் தூக்கியபோது இருந்த இடத்தைவிட ஒரு படி கீழே. ஐரோப்பிய கிளப்புகள் மோதுகிற ஐரோப்பா லீக் இறுதிப் போட்டியில் டாட்டன்ஹாமிடம் 1-0 தோல்வி. ஜெயித்த டாட்டன்ஹாம் லீகில் 17-ஆவது. கோப்பை வாங்கிக் கொடுத்த கோச் போஸ்டகோக்ளுவை அவர்கள் பதினாறே நாளில் அனுப்பிவிட்டார்கள்!

ஏன் எப்போதும் கோச்? சீசன் நடுவில் நினைத்த நேரத்தில் ஆட்டக்காரர்களை மாற்ற முடியாது. வாங்க விற்க கோடையிலும் ஜனவரியிலும்தான் கதவு திறக்கும். முதலாளியை மாற்றவே முடியாது. கிளேசர் குடும்பம் 2005-இல் கிளப்பை வாங்கியபோது அதற்கான கடனின் பெரும் பகுதியைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றியது. அந்தக் கோபம் இன்னும் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் கேட்கிறது, ஆனால் அவர்கள் இடத்தைவிட்டு அசையவில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் கூரையைப் பார்க்காமல் குடித்தனக்காரரைக் காலி பண்ணச் சொல்வதுபோலத்தான். அடுத்த குடித்தனம் வரும். அடுத்த மழையும் வரும்.

இதற்குச் செலவு கொஞ்சநஞ்சமில்லை. மொரின்யோவையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்ப 1 கோடியே 96 லட்சம் பவுண்டு. டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2024 ஜூலையில்தான் 2026 வரை நீட்டினார்கள். நான்கே மாதத்தில் அதே ஒப்பந்தத்தைக் கிழிக்க ஒரு கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். இதில் எரிச்சல் வர வேண்டியது கோச் மேலா, ஜூலையில் கையெழுத்துப் போட்டவர்கள் மேலா?

சரி, மாற்றினால் பலன் உண்டா? நெதர்லாந்துக்காரர் பாஸ் டெர் வேல் என்ற பொருளியல் ஆய்வாளர் தன் நாட்டு லீகில் 1986 முதல் 2004 வரை கோச் நீக்கங்களை எடுத்து ஆராய்ந்தார். கோச்சை மாற்றியதால் டீம் முன்னேறியது என்பதற்கு அவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. யோசித்தால் இதில் அதிசயமில்லை. பெரும்பாலும் நாலைந்து மேட்ச் மோசமாகப் போன பிறகுதான் கோச்சைத் தூக்குகிறார்கள். அந்த மாதிரி மோசமான காலம் எந்த டீமுக்கும் ரொம்ப நாள் நீடிக்காது. கோல் போஸ்ட்டில் பட்டு வெளியே போன பந்து அடுத்த மாதம் உள்ளே போகும். பெயர் புதுக் கோச்சுக்கு.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் ஃபெர்குசன் கதையை எடுத்துக்கொண்டு வருவார். அதுவும் உண்மைதான். 1989 டிசம்பரில் அவரைப் போகச் சொல்லி, மூன்று வருடமாகச் சாக்கு மட்டுமே கேட்கிறோம் என்று மைதானத்தில் ஒரு ரசிகர் பேனர் பிடித்தார். அடுத்த மாதம் எஃப்.ஏ. கோப்பையில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில் யுனைடெட்டின் மார்க் ராபின்ஸ் போட்ட ஒரே கோலில் ஜெயித்தார்கள். அந்தக் கோப்பையையே வாங்கினார்கள். 1993-இல், 26 வருடத்துக்குப் பிறகு, லீக் பட்டமும் வந்தது. ஆனால் இந்தக் கதையை எல்லா மோசமான கோச்சுக்கும் தாயத்து மாதிரி கட்டிவிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பொறுத்துப் பார்த்து எதுவுமே நடக்காமல் போன கோச்சுகள்தான் அதிகம். அவர்கள் கதையை யாரும் சொல்வதில்லை.

கோச்சை மாற்றிப் பலன் கிடைத்த கதையும் உண்டு. அதற்கு இங்கிலாந்து போக வேண்டாம். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ஏறி, பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரலில் இறங்கினால் நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம். நம் ஊர் டீமான சென்னையின் எஃப்.சி.க்கு அதன் கோச் ஜான் கிரெகரி 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பை வாங்கிக் கொடுத்தார், பெங்களூரை பெங்களூரிலேயே 3-2 என்று தோற்கடித்து. அந்த டீமில் மிட்ஃபீல்டில் ஆடிய தனபால் கணேஷ் எங்கள் வியாசர்பாடிப் பையன். அடுத்த சீசனில் அதே டீம் கடைசி இடம். அதற்கும் அடுத்த சீசனில் முதல் நான்கு மேட்ச்சில் ஒரு கோல்கூட இல்லை. 2019 நவம்பர் முடிவில் கிரெகரி விலகினார். ஓவன் கோய்ல் வந்தார். பெரும்பாலும் அதே ஆட்கள்தான். முன்களத்தில் ஆடிய வால்ஸ்கிஸ் கோல் மழை பொழிந்தார், அந்த சீசனில் 15 கோல். டீம் இறுதிப் போட்டி வரை போனது. 2020 மார்ச் 14, கோவா. கொரோனா காரணமாகப் பார்வையாளர் இல்லாத மைதானத்தில் கொல்கத்தா டீமான ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது. இதே கோய்ல் 2023-இல் திரும்பி வந்தார். 2024-25 சீசனில் சென்னையின் எஃப்.சி., 13 டீமில் 11-ஆவது. ஒரே மனிதர்தான்.

கிரெகரி போனபோது எங்கள் பக்கம் யாரும் வெடி வெடித்ததாக நான் கேள்விப்படவில்லை. திட்டினார்கள், நன்றாகவே திட்டினார்கள். ஆனால் கேலரியில் உட்கார்ந்து அந்த மனிதரை நேரில் பார்த்தவர்கள், நம் பையனுக்கு வாய்ப்புக் கொடுத்தவர் என்று தெரிந்தவர்கள். டிவியில் மட்டும் பார்க்கிற டென் ஹாக்குக்கு அந்த மரியாதை கிடைக்காது. அவருக்கு மழைக்கோட்டும் சுளித்த முகமும் மட்டும்தான் இருந்தன. அவரை வெறுப்பது ரொம்பச் சுலபமாக இருந்தது.

முல்லை நகர் மைதானம் மாதிரி இடங்களில் சாயங்காலம் பையன்களுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் வேறு வேலை, மாலையில் விசில். டீம் வரிசையாக ஐந்து மேட்ச் தோற்றாலும் அவரை யாரும் தூக்க முடியாது. தூக்கினால் மறுநாள் பந்தை எடுத்துக்கொண்டு வர ஆள் வேண்டுமே. யுனைடெட் கோச்சை மாற்றச் சொல்லி ராத்திரி முழுக்கச் சண்டை போடுகிற அதே பையன், இவர் கத்தினால் வாய் திறக்காமல் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறான்.

புதுக் கோச்சுக்காகக் காத்திருக்கிற தம்பிகளுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வருகிற ஆள் வந்தவுடன் ஜெயித்தாரா என்று பார்க்காதீர்கள். அவர் ஆடவைக்கிற முறைக்கு டீமில் ஆட்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். அமோரிம் பின்னால் மூன்று பேரை நிறுத்தி ஆடுகிறவர். கையில் கிடைத்ததோ நான்கு பேர் டிஃபென்ஸுக்கென்று வாங்கிய ஆட்கள். அவர் சேர்ந்தது நவம்பரில், கதவு திறப்பது ஜனவரியில். அந்த இடைவெளியில் தோற்ற மேட்ச்சுகளுக்கெல்லாம் அவரைத் திட்டியவர்கள், இப்படி ஒருவரை இந்த ஆட்களிடம் அனுப்பியது யார் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். அந்தப் பெயர்கள் டிவியில் அவ்வளவாக வராது. தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்டதற்கு நன்றி. வணக்கம்.