முழங்கால் பேட் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைக் கேளுங்கள்

வணக்கம். இன்று மேசை நிறைய பொருள்களைப் பரப்பி வைத்திருக்கிறேன். வாலிபால் ஆடுபவர்கள் போடும் மெல்லிய நீ பேட், ஸ்கேட்டிங் பேட், பைக் ஓட்டும்போது பேன்ட்டுக்குள் வைக்கும் தகடு, டைல்ஸ் ஒட்டுபவர்கள் கட்டும் பெரிய பேட், மருந்துக் கடையில் கிடைக்கும் நீ கேப். கடையிலும் இணையத்திலும் இவை எல்லாமே "முழங்கால் பாதுகாப்பு" என்ற ஒரே பெயரில்தான் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. அதைத்தான் இன்று விவரமாகப் பேசப் போகிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் முட்டிக்கு என்ன வரப் போகிறது? ஒரே ஒரு பலமான அடியா? தரையோடு தேய்ந்து போகும் உரசலா? இல்லை, மணிக்கணக்கில் உடம்பின் பாரம் முழுவதும் அந்த ஒரு இடத்தில் அழுத்தப் போகிறதா? இந்த மூன்றுக்கும் மூன்று விதமான பொருள் வேண்டும். அடியைத் தாங்கும் பொருள் அந்த நொடியில் விசையை உள்வாங்கி, பரப்பிவிட வேண்டும். உரசலுக்கு, கிழியாத, வழுக்கிக்கொண்டு போகிற மேற்பரப்பு வேண்டும். நெடுநேர அழுத்தத்துக்கு, நசுங்கி உட்கார்ந்துவிடாத மெத்தை வேண்டும்.

முதலில் இந்த நீ கேப்பைத் தள்ளி வைத்துவிடுகிறேன். துணியும் எலாஸ்டிக்கும் சேர்ந்த இந்த உறை முட்டியைச் சூடாகவும் இறுக்கமாகவும் வைத்திருக்கும். வலி உள்ளவர்களுக்கு நடக்கும்போது ஒரு தெம்பு தரும். விழுந்தால் காப்பாற்றாது, ஏனென்றால் முன்பக்கத்தில் மெத்தையே கிடையாது. பக்கவாட்டில் கீல் வைத்த பிரேஸ் இன்னொரு வகை. அது ஜவ்வு கிழிந்தவர்களுக்கு, மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ பார்த்துச் சொல்ல வேண்டியது. "முட்டி வலிக்கிறது, நல்ல பேட் சொல்லுங்கள்" என்று கேட்பவர்களுக்கு நான் எந்த பேட்டும் சொல்வதில்லை. வலிக்குக் காரணம் என்ன என்று முதலில் தெரிய வேண்டும்.

சரி, பைக். இதோ இந்தத் தகட்டைப் பாருங்கள், கையில் வளைகிறது. பார்க்க ரப்பர் போல இருந்தாலும், திடீரென்று அடி விழும்போது இறுகிக்கொள்ளும் வகைப் பொருள் இது. இதன் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதை வாசிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். இஎன் 1621-1 என்பது பைக் ஓட்டுபவர்களின் மூட்டுப் பாதுகாப்புக்கான ஐரோப்பியத் தரம். 50 ஜூல் ஆற்றலோடு ஒரு எடையை இதன்மேல் விழவிட்டு, அடியில் எவ்வளவு விசை கடந்து வருகிறது என்று அளப்பார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 2. எண்களைப் பார்த்தாலே தெரியும், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சிறியதல்ல. கே என்ற எழுத்து இருந்தால் முழங்காலுக்கானது. டைப் ஏ சிறிய பரப்பை மறைக்கும், டைப் பி பெரிய பரப்பை மறைக்கும். டி பிளஸ் என்று போட்டிருந்தால் 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். இந்த வகைப் பொருள்கள் சூட்டில் இளகிவிடக்கூடியவை, அதனால் வெயிலில் ஓட்டுபவர்கள் அந்தக் குறியைத் தேடிப் பாருங்கள். எண்ணோ லெவலோ எதுவும் இல்லாமல், வெறும் "ஆர்மர்" என்று மட்டும் அச்சடித்திருந்தால் நான் வாங்க மாட்டேன்.

தகடு அடியைத்தான் பார்த்துக்கொள்ளும். சாலையில் தேய்ந்துகொண்டு போகும்போது தோலைக் காப்பாற்றுவது பேன்ட். சாதாரண ஜீன்ஸ் அதற்குப் போதாது, சீக்கிரம் ஓட்டை விழுந்துவிடும். பைக் உடைகளுக்கு இஎன் 17092 என்று தனித் தரம் இருக்கிறது. அதில் ஏஏஏ உயர்ந்த வகுப்பு, அடுத்து ஏஏ, அதற்கடுத்து ஏ. பி என்று இருந்தால் உரசலைத் தாங்கும், ஆனால் உள்ளே தகடு இல்லை. சி என்பது தகட்டைத் தாங்கிப் பிடிக்கும் உடை மட்டும், உரசலுக்கு ஆகாது.

பேன்ட்டை நின்றுகொண்டு போட்டுப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று வாங்கிவிடாதீர்கள். வண்டியில் உட்காருங்கள், வண்டி இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்து காலை மடக்குங்கள். மடக்கியதும் துணி மேலே ஏறும், தகடும் கூடவே ஏறும். அந்த நிலையில் முட்டிச் சில்லும் அதற்குக் கீழே கொஞ்சம் எலும்பும் மறைந்திருக்க வேண்டும். நிற்கும்போது சற்றுக் கீழே இறங்கியது போலத் தெரிந்தால் கவலை வேண்டாம். அப்புறம் கையால் தகட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் திருகிப் பாருங்கள். சுலபமாகத் திரும்பினால், விழும்போது அது முட்டியில் இருக்காது, தொடையின் ஓரத்துக்குப் போய்விடும். இடத்தில் நிற்காத லெவல் 2 தகட்டைவிட, இடத்தில் நிற்கிற லெவல் 1 தகடு மேல் என்பது என் கருத்து.

விளையாட்டைக் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். ஸ்கேட்டிங்குக்கு வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு வேண்டும். விழுந்ததும் அது தரையில் வழுக்கிக்கொண்டு போகும். துணி மேற்பரப்பாக இருந்தால் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், உடம்பு மட்டும் முன்னால் போகும். வாலிபாலில் இதற்கு நேர்மாறு. உள்ளரங்கில் குனிந்து பாய்ந்து எடுப்பவர்களுக்கு ஓடு இடைஞ்சல், மெல்லிய ஃபோம் வைத்த உறையே போதும். கிரிக்கெட் பேடில், உங்கள் முட்டிச் சில்லு அந்த நடுவில் புடைத்திருக்கும் பகுதிக்குள் சரியாக உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். பெரிய பேடை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கட்டினால் ஓடவே முடியாது.

கால்பந்தில் முட்டியைவிட அதற்குக் கீழே முன்பக்க எலும்புக்குத்தான் ஆபத்து. கையால் தடவிப் பாருங்கள், அங்கே தோலுக்கு அடியில் நேராக எலும்பு, தசையே இல்லை. 1874-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆட்டக்காரர் சாம் வெல்லர் விடோசன், கிரிக்கெட் பேடை வெட்டிச் சிறிதாக்கிக் காலில் கட்டிக்கொண்டு ஆடினார். ஷின் கார்டின் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள். கால்பந்து விதிகளில் 4-வது விதிப்படி இன்று ஷின் கார்ட் கட்டாயம், அது சாக்ஸுக்குள் மறைந்தும் இருக்க வேண்டும். இப்போது உள்ளங்கை அளவுகூட இல்லாத ஷின் கார்டை மாட்டிக்கொண்டு ஆடும் பழக்கம் பரவியிருக்கிறது. விதியை நிறைவேற்றுவதற்காக மட்டும் போடுவது அது. கணுக்கால் மடிப்புக்குச் சற்று மேலிருந்து முட்டிக்கு இரண்டு விரல் கீழ் வரை மறைக்கும் அளவை வாங்குங்கள்.

இனி மண்டியிட்டு வேலை செய்பவர்கள். இதற்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் விளையாட்டுக்குச் செலவு செய்கிற அளவுக்கு இதற்கு யாரும் யோசிப்பதில்லை. டைல்ஸ், தரை பாலிஷ், பிளம்பிங், தோட்ட வேலை என்று தினமும் மணிக்கணக்கில் முட்டியில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். முட்டிச் சில்லுக்கு முன்னால், தோலுக்கு அடியில், ஒரு சின்ன நீர்ப்பை இருக்கிறது. தோல் எலும்பின்மேல் உரசாமல் நகர உதவுவது அது. தொடர்ந்து அழுத்தினால் அது வீங்கி, முட்டிமேல் மெத்தென்று உருண்டையாக நிற்கும். அந்த இடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் கிருமி புகுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

இந்த வேலைக்கான தரம் இஎன் 14404. இதில் நான்கு வகை இருக்கின்றன: காலில் கட்டுவது, பேன்ட் பைக்குள் வைப்பது, தரையில் போடும் பாய், முட்டுக்கொடுக்கும் சட்டம் அல்லது இருக்கையோடு சேர்ந்தது. பாதுகாப்பு அளவு 0 என்றால் சமதளத்துக்கு மட்டும், கூரான எதுவும் குத்தினால் தாங்காது. 1 என்றால் 100 நியூட்டன் விசையோடு குத்துவதைத் தாங்கும். 2 என்றால் 250 நியூட்டன் வரை, உடைந்த கல் கிடக்கும் சுரங்கம் போன்ற இடங்களுக்கு.

ஒரே இடத்தில் மண்டியிட்டு வேலை என்றால் நான் முதலில் சொல்வது பாய்தான். பட்டை இல்லை, வியர்வை இல்லை, பின்முட்டி இறுகாது. அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும் என்றால் பேன்ட் பை வகை நல்லது. ஆனால் அந்த பேடும் அந்த பேன்ட்டும் ஜோடியாகச் சோதிக்கப்பட்டவையா என்று பாருங்கள். வேறு பேன்ட்டில் செருகினால் இடம் மாறிவிடும். காலில் கட்டும் வகையில், ஓடு உருண்டையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் ஆடும், மாலைக்குள் இடுப்பு வலி வந்துவிடும். முகம் தட்டையாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பாலிஷ் முடிந்த தரைக்கு ஓடு வேண்டாம், கீறல் விழும். மென்மையான முகம் உள்ளதைப் போடுங்கள், அதில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் துடைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் கட்டைவிரலால் அழுத்தி "மெத்தென்று இருக்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். கட்டிக்கொண்டு வெறும் தரையில் ஐந்து நிமிடம் மண்டியிடுங்கள், கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். மலிவான ஃபோம் முதல் நிமிடம் சொகுசாக இருந்து, ஐந்தாவது நிமிடத்தில் தட்டையாகி, தரை முட்டியில் தெரியும். அதுதான் நாள் முழுவதும் நீங்கள் அனுபவிக்கப் போவது.

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். எந்த பேடும் முட்டியை மடக்கும் பாரத்தைக் குறைக்காது. முழுவதும் மடக்கி உட்காரும்போது உள்ளே ஜவ்வில் விழும் அழுத்தம் பேடால் மாறாது. இடையிடையே எழுந்து காலை நீட்டுங்கள், முடிகிற வேலையைத் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள்.

கடைசியாகப் பட்டை. முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு எலும்பு முனை புடைத்திருக்கும், தொட்டுப் பாருங்கள். பாதத்தைத் தூக்க உதவும் நரம்பு அதைச் சுற்றித்தான், தோலுக்கு மிக அருகில் போகிறது. பட்டை அங்கே இறுகினால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும். அதையும் கண்டுகொள்ளாமல் விட்டால் பாதத்தைத் தூக்கவே சிரமமாகலாம். பட்டையை அந்த முனைக்கு மேலேயோ, நன்றாகக் கீழேயோ தள்ளிக் கட்டுங்கள், உள்ளே ஒரு விரல் நுழைய வேண்டும். ஒரு விரல் இடைவெளியில் பேட் நழுவினால் அளவு தவறு, பட்டையை இறுக்கிச் சரிசெய்யப் பார்க்காமல் வேறு அளவு மாற்றி வாங்குங்கள்.